அக்காவின் வளவை நாங்கள் கூட்டிய நாள்

அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்து, இந்த நினைவுமலரைக் கையில் வாங்கி, முதற்பக்கத்துப் படத்தைப் பார்த்து "அப்பிடியே இருக்கிறா" என்று சொல்லப்போகிற உறவினருக்கும் நண்பருக்கும் என் வணக்கம். கட்டுரையை நான்தான் எழுத வேண்டும் என்று வெளிநாட்டிலிருக்கும் தம்பி தொலைபேசியில் சொன்னான். "நல்லதை மட்டும் எழுதுங்கோ சின்னக்கா, கண்டதையும் எழுதி மானத்தை வாங்கிப்போடாதேங்கோ" என்றும் சொன்னான். அவனுக்கு என் வாய் தெரியும். நானும் நல்ல பிள்ளையாய்த்தான் தொடங்கினேன். அன்பின் இருப்பிடம், பொறுமையின் சிகரம், வந்தாரை வரவேற்ற பண்பாளர் என்று மூன்று வரி எழுதி வாசித்துப் பார்த்தால், அது யாரோ முன்பின் தெரியாத ஒரு மனுசியைப் பற்றியதாக இருந்தது. கிழித்து அடுப்புக்குள் போட்டேன்.

செத்த வீட்டில் என் காதுபடவே இரண்டு மூன்று பேர் அக்காவைக் கல்நெஞ்சுக்காரி என்றீர்கள். கூடப்பிறந்தவளை இப்படி வதைத்தாவே என்று எனக்காக இரங்கவும் செய்தீர்கள். அந்த இரக்கத்தைத் திருப்பித் தரத்தான் இதை எழுதுகிறேன். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மூட எனக்கும் விருப்பமில்லை. நடந்ததைத் தெரிந்துகொண்டு பேசுங்கள், அவ்வளவுதான்.

அக்கா மன்னார்த் தீவின் பள்ளிமுனையில், கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் பிறந்தார். அப்பாவுக்குக் கடல்தொழில். அம்மா நோயாளி. எனக்கும் அக்காவுக்கும் ஏழு வயது இடைவெளி. நான் நடை பழகியது அக்காவின் இடுப்பிலிருந்து இறங்கித்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கருவாட்டு வாடியில் மீன் கீறப் போனார். அந்தக் கையால்தான் எனக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்தார். ஒருநாள் அந்தக் கை நாறுகிறது என்று நான் மூக்கைப் பொத்தினேன். அதே கையால் என் மூக்கைப் பிடித்து, நான் மூச்சு முட்டிக் கத்தும்வரை விடவில்லை. அக்கா எதையும் மறக்கிற ஆள் இல்லை என்று எனக்கு அன்றே விளங்கியிருக்க வேண்டும்.

கலியாணத்துக்கு அப்பா கொடுத்த சீதனம், கீரியில் கடலைப் பார்த்தபடி கிடந்த ஒரு துண்டு மணல்காணியும் அதற்குள் ஒரு கிணறும். புதிதில் அக்காவும் ஊரோடு ஒத்து ஓடினவர்தான். பத்துத் தென்னம்பிள்ளை வைத்தார், கிணற்றடியில் வாழை வைத்தார், விடிந்தாலும் பொழுதுபட்டாலும் வாளியும் கையுமாக நின்றார். மூன்றாம் வருடத்துக் கோடையில் கிணறு உவர்த்தது. எங்கள் தீவின் சங்கதி வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் பாலாடை மாதிரிக் கிடக்கும். ஆசைப்பட்டு அள்ளி இறைத்தால் ஆடை கிழியும், உப்பு மேலே வரும். அக்காவின் தென்னம்பிள்ளைகள் குருத்திலேயே கருகின.

அந்தக் கோடையில் ஊர்க் கழுதைகள் நாலைந்து, பின்பக்கத்து ஆளில்லாக் காணியில் உடைமுள் மரங்களுக்குக் கீழே முன்னங்காலால் மணலைக் கிண்டி, முகத்தைப் புதைத்துத் தண்ணீர் குடிப்பதை அக்கா பார்த்தார். கழுதைகள் போன பிறகு தானும் போய் அதே குழியில் கை வைத்து அள்ளிக் குடித்தார். தித்தித்தது. யாரும் ஒரு வாளி ஊற்றாத மரங்கள், கீழே அரையடிக்குச் சருகு, அதற்குக் கீழே நல்ல தண்ணீர். வீட்டுக்கு வந்து அத்தானிடம், "கழுதைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமல் போச்சுதே" என்றாராம். அதன்பிறகு ஊர் அக்காவுக்கு வைத்த பெயர் உங்களுக்குத் தெரியும். 'கழுதையிட்டைப் படிச்சவ.' வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

வாழையை வெட்டி எறிந்தார். கடற்பக்கம் மணலைப் பிடித்து வைக்க அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் நட்டார். காற்றுப் பக்கம் உடையும் உகாயும். வேலிக்குக் கிளுவை. வீட்டைச் சுற்றி நொச்சி, ஆவரசு, எருக்கு. எருக்கை யாராவது வீட்டில் வளர்ப்பார்களா? அக்கா வளர்த்தார், இலையைத் தின்னும் புழுக்களுக்காக. அவை பிறகு வண்ணத்துப்பூச்சியாகுமாம். கன்று வைத்தால் பக்கத்தில் அடியில் ஓட்டை போட்ட மண்முட்டி ஒன்றைப் புதைத்து, கிழமைக்கு ஒருதரம் நிரப்புவார். அது மெல்லக் கசிந்து வேரை நனைக்கும். ஒரு மாரிகாலம் தாண்டினால் அதுவும் கிடையாது. "பிழைக்கிறது பிழைக்கட்டும்" என்பார். குளித்த தண்ணீர் நொச்சிக்கு, அரிசி கழுவிய தண்ணீர் ஆவரசுக்கு. உகாய்ப்பழம் தின்னக் கொண்டைக்குருவிகள் வந்தன. முதுகில் நட்சத்திரக் கோலம் போட்ட காட்டாமைகள் சருகுக்குள் குடியிருந்தன. அத்தான் கடலுக்குப் போய்த் திரும்பாமல் படகு மட்டும் கரைக்கு வந்தபோது மெற்றில்டாவுக்கு நாலு வயது. அந்த ஒற்றை மகளையும் அந்தக் காட்டையும் அக்கா ஒன்றாகத்தான் வளர்த்தார்.

ஒரு நத்தாருக்குப் பங்குச்சுவாமி பாலன் குடில் சோடிக்கக் கொஞ்சம் பச்சைக் கொப்பு கேட்டு ஆள் அனுப்பினார். அக்கா தானே நேரில் போய், "சுவாமி, பாலன் பிறந்தது மாட்டுக்கொட்டில்ல. காட்டில இல்லையே" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு கொப்பும் கொடுக்கவில்லை. சுவாமி சிரித்தாராம். எனக்கு வெட்கத்தில் மூன்று ஞாயிறு கோயிலின் முன்வாங்கில் இருக்க முடியவில்லை.

இனி ஈர்க்குமாற்றுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் மரியாதை அவள் வளவில் தெரியும். விடிய எழும்பி, வீட்டைச் சுற்றி வேலிவரை கூட்டி, வெள்ளை மணலில் ஈர்க்கு கீறிய மாற்றுக்கோடு விழுந்திருக்க வேண்டும். சருகு கிடந்தால் அந்த வீட்டில் பெண்பிள்ளை வளரவில்லை என்பார்கள். என் வளவு அப்படித்தான் இருக்கும். சோறு கொட்டி அள்ளித் தின்னலாம். அக்கா முன்வாசலில் நாலடி கூட்டுவார். மிச்சம் சருகு. "அது மண்ணுக்குப் போர்வை. உன்ர போர்வையை நான் இழுக்கிறேனோ?" என்பார். ஒவ்வொரு முறையும் இதே சண்டை, இதே பதில்.

நாட்டில் சண்டை தொடங்கி, பெருநிலத்துக்குப் போகும் பாலம் மூடி, தீவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வந்தால் வந்தது வராவிட்டால் இல்லை என்ற காலத்தில்தான் அந்தக் காட்டின் அருமை கீரிக்குத் தெரிந்தது. மற்றக் கிணறுகள் உவர்த்தபோது அக்காவின் கிணறு தித்தித்தது. வீட்டுக்கு இரண்டு குடம், மத்தியானத்துக்குப் பிறகு யாரும் அள்ளக்கூடாது, இயந்திரம் வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டார். கழுதை என்று சிரித்தவர்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். ஒருநாள் ஆமிக்காரர் வந்து, தெருவோரப் பற்றைக்குள் ஆள் ஒளியலாம், எல்லாவற்றையும் வெட்டு என்றார்கள். அக்கா கத்தியை எடுத்து, தெருப்பக்கத்தை மட்டும் நெஞ்சளவுக்கு வெட்டிக் காட்டி, அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பெரியவன் குடித்துவிட்டு "வத்துர ஹொந்தாய்" என்றானாம். தண்ணீர் நல்லது என்று அர்த்தம். மிச்சத்தை வெட்டச் சொல்லாமலே போய்விட்டான். துவக்குப் பிடித்தவன் விட்டான். ஈர்க்குமாறு பிடித்தவள் விடவில்லை.

அந்தக் காலத்தில்தான் மாரியாயி வந்தாள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்து, மன்னார்ப் பெருநிலத்துக்கு வந்து குடியேறி, அங்கும் சண்டை துரத்த, புருசனை இழந்து தீவுக்குள் வந்தவள். அக்கா வளவின் மூலையில் ஒரு கொட்டில் போட இடம் கொடுத்தார். எங்கள் சொந்தங்கள் அவளை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதை அச்சில் போட முடியாது. "தோட்டத்துல தேயிலைய தவிர எல்லாம் களைன்னு புடுங்குவோம். இந்தக்கா களையத்தான் வளக்குது" என்று அவள் சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு மாரிக்குள் அக்காவுக்கு இருந்த கைப்பக்குவம் அவளுக்கும் வந்துவிட்டது.

மெற்றில்டாவுக்கு இருபத்திரண்டு வயதில் பேசாலைப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஜேர்மனியில். தாயும் தாய்மாமனும் பெண் பார்க்க வருவதாக நாள் குறித்தார்கள். பிறப்புப் பத்திரம் எடுக்க அக்கா வவுனியாவுக்குப் போனார். ஆமியிடம் பாஸ் எடுத்துப் போய், திரும்ப பாஸ் எடுத்து வர நாலு நாள் பிடித்தது. அந்த நாலு நாளில் ஒருநாள் காலை, நானும் இந்த மலரை வாசித்துக்கொண்டிருக்கும் மச்சாள்மார் நாலு பேரும் கத்தி, மண்வெட்டி, ஈர்க்குமாறு சகிதம் கீரிக்குப் போனோம். நல்லதுக்குத்தான் போனோம். கலியாண வீடு காடாய்க் கிடக்கலாமா?

மாரியாயி படலையில் குறுக்கே நின்றாள். "சின்னக்கா, அவங்க வரட்டும். வந்து கேட்டா நான் என்னா பதில் சொல்லுவேன்?" என்று கெஞ்சினாள். "நீ ஆர் எங்களுக்குச் சொல்ல? இருக்க இடம் தந்தால் வளவே உன்ரயோ?" என்றது வேறு யாருமில்லை, நான்தான். அவள் விலகிப்போய்க் கொட்டிலுக்குள் இருந்துவிட்டாள். நாங்கள் எருக்கை வேரோடு பிடுங்கினோம். ஆவரசையும் நொச்சியையும் அடியோடு வெட்டினோம். கடற்பக்கம் கால் இடறுகிறது என்று அடம்பன் கொடியைப் பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டினோம். இருபது வருடத்துச் சருகு. அதைக் கூட்டிக் குவித்து, வெட்டியதை மேலே போட்டு, நெருப்பும் வைத்தாயிற்று. எரியும்போது உள்ளே டப் டப் என்று வெடித்தது. முள்ளுக்காய் வெடிக்கிறது என்றோம். பொழுதுபட முன் வேலிவரை கூட்டி முடித்து, மாற்றுக்கோட்டைப் பார்த்து நின்றபோது எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கும்.

மறுநாள் மத்தியானம் அக்கா வந்தார். பையைப் படலையடியில் வைத்துவிட்டு நின்றார். முகத்தைப் பார்க்காமலே நான் ஓடிப்போய், "எப்பிடி அக்கா? வீடு இப்ப வெளிச்சமாக் கிடக்கெல்லோ?" என்றேன். அக்கா என்னைத் தாண்டிச் சாம்பல் குவியலடிக்குப் போய், காலால் கிளறி, குனிந்து எடுத்தார். ஆமை. ஓட்டுக்குள் வெந்து போயிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் ஆறு. ஒவ்வொன்றாய் எடுத்து மணலில் வரிசையாக வைத்தார்.

"ஆர் கூட்டினது?"

"நான்தான் அக்கா. என்ர யோசினைதான்."

"வடிவாக் கூட்டியிருக்கிறாய்" என்றார். அவ்வளவுதான். நான் அடி வாங்கவே ஆயத்தமாக நின்றேன். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

பெண் பார்க்க வந்த அம்மா படலைக்குள் காலை வைத்ததும் எரிந்த மணலைப் பார்த்தார். வெட்டிய அடிக்கட்டைகளைப் பார்த்தார். பிறகு தமையனின் காதுக்குள், ஆனால் எங்களுக்கும் கேட்கிற மாதிரி, "ஆமிக்காரன் வந்து எரிச்ச வீடு போலக் கிடக்கு. இது பிரச்சினைப்பட்ட இடம். எங்கட பிள்ளைக்கு விசாச் சிக்கல் வரும்" என்றார். "இல்லை, நாங்கள்தான் துப்பரவாக்கினது" என்று தலையில் அடிக்காத குறையாகச் சொன்னோம். யாராவது நம்புவார்களா? நாங்கள் கொடுத்த கேக்கையும் தொடாமல் எழுந்து போனார்கள். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி.

பிறகு சோளகக் காற்று வந்தது. வருடா வருடம் வருகிற காற்றுத்தான். முன்பு அதை வாங்கித் தாங்கக் கொடியும் முள்ளும் இருந்தன. இப்போது மணல் கூட்டின முற்றத்தால் நேரே வந்து ஒரு மாதத்துக்குள் கிணற்றை மூடியது. குற்றவுணர்ச்சியில் என் புருசன் ஆள் பிடித்துக் கிணற்றை இறைத்துத் தோண்டினார். சும்மா இல்லை, முன்பிருந்ததைவிட இரண்டு முழம் ஆழமாக, இனி வற்றவே கூடாது என்று. உப்புக்குள் போய்விட்டார்கள். கெடுகுடி சொற்கேளாது என்பது எங்களைப் பார்த்துத்தான். அக்கா கிணற்றுக்கட்டில் கையூன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லி இரண்டு தரம் சொன்னாராம், இவர் "நீங்கள் போய் இருங்கோ மச்சாள், நாங்கள் பார்க்கிறம்" என்றாராம்.

அதிலிருந்து தாயும் மகளும் பவுசர் வரும் சந்திக்குத் தண்ணீருக்குப் போக வேண்டி வந்தது. ஒரு புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். அக்காவுக்குக் காய்ச்சல் என்று மெற்றில்டா தனியாகச் சைக்கிளில் போனாள். வரிசையில் நிற்கும்போது ஷெல் விழுந்தது. யார் அடித்தது, யாருக்கு அடித்தது என்று இன்றுவரை தெரியாது. அவளுடைய சைக்கிளில் கட்டியிருந்த இரண்டு கலன்களில் ஒன்று நிறைந்திருந்தது. அதிலிருந்து தண்ணீர் ஒழுகி முடியும்வரை பயத்தில் யாரும் கிட்டப் போகவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் என்ன நடந்தது என்று கேட்டபோதெல்லாம் அக்கா ஒரே வசனம்தான் சொன்னார். "தண்ணிக்குப் போனவள்." நான் வந்தபோது அதைக்கூடச் சொல்லவில்லை.

பிள்ளையின் முப்பத்தோராம் நாளுக்குப் போனேன். எல்லோருக்கும் பவுசர்த் தண்ணீரில் தேநீர் கொடுத்தார்கள். அக்கா எவர்சில்வர் பேணி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "தண்ணி குடி" என்றார். வாயில் வைத்தேன். கிணற்றுத் தண்ணீர், கடலுக்கு ஒரு பிடி குறைவான உப்பு. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா நின்றுகொண்டிருந்தார். குடித்து முடித்தேன். வெறும் பேணியை வாங்கி உள்ளே பார்த்துவிட்டு, "தேத்தண்ணி போடவோ?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம். ஞாயிறு பூசை முடிய பஸ் ஏறிக் கீரிக்குப் போவேன். அக்கா பேணியைத் தருவார், நான் குடிப்பேன், பிறகுதான் மற்றக் கதை. விலைவாசி கதைப்போம், தம்பியின் பிள்ளைகளைப் பற்றிக் கதைப்போம், சிரிப்போம்கூட. "உனக்கென்ன விசரோ? போகாமல் விடன்" என்று என் புருசன் கத்துவார். டொக்டர் எனக்குப் பிரஷர் என்று உப்பைக் குறைக்கச் சொன்னார். திங்கள் முதல் சனிவரை குறைத்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை என்னைப்போல யாரும் அனுபவித்திருக்க மாட்டார்கள்.

அக்காவும் மாரியாயியும் மறுபடி தொடங்கினார்கள். தோண்டிய ஆழத்தைச் சுத்தமான மணல் போட்டு நிரப்பிக் கிணற்றின் அடியைப் பழைய மட்டத்துக்கு உயர்த்தினார்கள். காய்ந்த முட்கொப்புகளை வரிசையாக நட்டுக் காற்றின் மணலை மறித்தார்கள். மாரி தொடங்க அடம்பன் துண்டுகளையும் புல்லையும் ஊன்றினார்கள். முதல் இரண்டு வருடம் கழுதையும் ஆடும் தின்றன. மூன்றாம் வருடம் பிடித்தது. வெட்டிய நொச்சி தானே துளிர்த்தது. சருகு சேர்ந்தது. ஆமை மட்டும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கம்பக்கத்துப் பெண்கள் அந்தக் கிணற்றிலிருந்து குடம் குடமாய்க் கொண்டு போவதைப் பார்த்து மாரியாயியிடம் கேட்டேன், இந்த உவரை என்ன செய்கிறார்கள் என்று. "உவரா? மூணு மாரியா தித்திப்பாத்தானே இருக்கு சின்னக்கா" என்றாள். நான் போன கிழமை குடித்தது உப்பு. அதற்கு முந்தின கிழமையும் உப்பு. மெல்லக் குசினி ஜன்னலடிக்குப் போய் நின்றேன். அக்கா குடத்திலிருந்து பேணியில் வார்த்தார். உப்புப் போத்தலைத் திறந்தார். ஒரு சிட்டிகை, பிறகு இன்னும் கொஞ்சம். கரண்டிக்காம்பால் கலக்கி, ஒரு துளியைத் தன் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். பதம் பார்க்கிறாராம்! வந்து முன்விறாந்தையில் இருந்துகொண்டேன். அக்கா பேணியைத் தந்தார். குடித்தேன்.

கடைசியாக வந்தது வயிற்றில் கட்டி. பெரியாசுபத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் மாரியாயிதான் குளிப்பாட்டினாள், துடைத்தாள். நானும் போய் நின்றேன். என் கையால் எதையும் செய்ய அக்கா விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை சுவாமி வந்து அவஸ்தைக்குரிய கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். மத்தியானம் மூச்சு மாறியது. எங்கள் வழக்கப்படி சொந்தங்கள் ஒவ்வொருவராகக் கரண்டியால் தண்ணீர் பருக்க வேண்டும். முதல் உரிமை கூடப்பிறந்தவளுக்கு. நானே கிணற்றில் அள்ளிக் கொண்டுவந்தேன். நல்ல தண்ணீர்.

அக்கா கண்ணைத் திறந்தார். அவருக்கு என்னை நன்றாக அடையாளம் தெரிந்தது. உதட்டை இறுக்கினார். கரண்டி பல்லில் தட்டியது. தண்ணீர் கன்னத்தால் வழிந்து தலையணைக்குள் போனது. "அக்கா, ஒரு சொட்டு. வாயைத் திறவுங்கோ அக்கா" என்றேன். இரண்டாம் தரமும் பல்லைக் கடித்தார். சாகிற மனுசிக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. அறை நிறைய நின்று எல்லோரும் பார்த்தீர்கள்.

ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்த வாய் திறந்திருக்கும். அது என் நாக்கு நுனிவரை வந்தது. அதை இங்கே எழுதுகிறேன். தம்பி என்னை மன்னிக்கட்டும்.

அக்கா வவுனியாவுக்குப் போன மறுநாள் மெற்றில்டா சைக்கிளில் பள்ளிமுனைக்கு என்னிடம் வந்தாள். "சின்னம்மா, எனக்கு வெக்கமாக் கிடக்கு. அவையள் வந்து இந்தக் காட்டைப் பார்த்தால் என்ன நினைப்பினம்? அம்மா நிண்டால் விடமாட்டா. அவ வாறதுக்கிடையில துப்பரவாக்கித் தாங்கோ" என்று அழுதாள். அம்மா கொன்றுபோடுவா என்றேன். "உங்கட யோசினை எண்டு சொல்லுங்கோ சின்னம்மா. உங்களை ஏசிப்போட்டு விட்டிடுவா" என்றாள். சருகுக்கு நெருப்பு வைத்ததும் அவள்தான்; அதைப் பார்த்த மச்சாள்மாரும் இன்றுவரை வெளியில் சொல்லவில்லை. கூட்டி முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பதான் வீடு மாதிரி இருக்கு" என்றாள். என்னை வெள்ளையடிக்க இதைச் சொல்லவில்லை. நான் பெரியவள், இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் அந்தக் காட்டை வெட்டக் கை துருதுருத்துக்கொண்டுதான் இருந்தது.

பிள்ளை உயிரோடு இருந்திருந்தால் என்றோ சொல்லிச் சிரித்திருப்போம். செத்த பிறகு எப்படிச் சொல்வது? உன் மகளே தன் கையால் வைத்த நெருப்பு என்று ஒரு தாயிடம் சொல்வதா? என்னை வெறுத்தபடி அக்கா எழும்பி நடந்தார், மணல் அள்ளினார், மரம் நட்டார். தன் பிள்ளைமேல் ஒரு மனவருத்தம் வந்திருந்தால் எதைப் பிடித்துக்கொண்டு எழும்பியிருப்பார்? பொல்லாத வாய்க்காரி என்று பெயரெடுத்த நான் அன்றைக்கு மட்டும் வாயை மூடினேன். கரண்டியை மாரியாயியிடம் கொடுத்தேன். அக்கா வாயைத் திறந்து, அவள் கையால் மூன்று கரண்டி குடித்தார். பிறகு மூச்சு நின்றது.

கல்நெஞ்சுக்காரி என்றவர்களே, மகளைக் கொன்றவள் என்று தான் நம்புகிற ஒருத்தியின் கையால் எந்தத் தாய் குடிப்பாள்? அக்கா செய்தது சரி.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். பூசை ஒப்புக்கொடுத்த சுவாமிக்கும், பெட்டி தூக்கிய கீரி இளைஞருக்கும், பந்தல் போட்டுக் கதிரை கொண்டுவந்தவர்களுக்கும், கடல் கடந்து தொலைபேசியில் அழுதவர்களுக்கும் நன்றி. அன்று என்னோடு ஈர்க்குமாறு பிடித்த மச்சாள்மார் நாலு பேருக்கும் நன்றி. பெயர் போடவில்லை, பயப்படாதேங்கோ. எங்கள் குடும்பத்தின் கடைசிக் கடமையைச் செய்த மாரியாயிக்கு நன்றி என்ற சொல் காணாது. காணியை இனி என்ன செய்வது என்று இப்போதே கேட்கத் தொடங்கியவர்களுக்கு: அவள் அங்கேதான் இருப்பாள்.

நம் வேதத்தின்படி தாயும் மகளும் இப்போது ஒரு இடத்தில் இருப்பார்கள். எல்லோரும் அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றுகிறீர்கள். எனக்கு அதுதான் பயம். மெற்றில்டா, என்ர பிள்ளை, அம்மா துருவித் துருவிக் கேட்பா. சொல்லிப்போடாதை. சின்னம்மாதான் செய்தவ எண்டு சொல்லு.